மூன்றாவது ரிங்

அத்தியாயம் 14

சுலோசனாவின் சந்தேகம் பட்டினி கிடக்கிற ரகம் இல்லை. தினம் ஒரு வேளையாவது அதற்கு ஏதாவது போட்டாக வேண்டும். இந்த இரண்டு வாரமாக அதற்குத் தீனிக்குக் குறைவே இல்லை.

ஆரம்பித்து வைத்தவள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி. "நீ குழாயடிக்குப் போற நேரம் பாத்து உன் வூட்ல போன் அடிக்குதுடி. மூணு ரிங்கு, அப்புறம் கட்டு. ஒடனே உன் பொண்ணு செருப்ப மாட்டினு பறக்குது. நான் ஒண்ணும் சொல்லல. கண்ணுல பட்டுது, சொன்னேன்" என்றாள். ஒன்றும் சொல்லாமலேயே அவ்வளவையும் சொல்லிவிட்டுப் போனாள்.

பின்னாலேயே வானூரிலிருந்து அண்ணன் தட்சணாமூர்த்தி வந்தார். அவர் ஊரில் ஒரு பெண் கம்ப்யூட்டர் செண்டரில் சாட்டிங் பண்ணிப் பண்ணியே, முகம் பார்த்திராத ஒருவனோடு பஸ் ஏறிப் போன கதையைக் காபி ஆறும்வரை சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "வெள்ளிக்கிழம நல்ல நாளு. தட்டோட வர்றோம். எம் பையன் தமிழரசனுக்கும் ஒரக்கடை, பூச்சிமருந்துன்னு வியாபாரம் நல்லா ஓடுது. தை மாசத்துல கல்யாணம் வெச்சுக்கலாம். ரேணு படிச்ச வரைக்கும் போதும்" என்றார்.

சுலோசனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் புருஷன் கன்னியப்பன் மட்டும், "திண்டிவனம் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு மச்சான். ரேணு நல்ல மார்க்கு எடுத்துருக்குது" என்று இழுத்தான். மச்சான் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அது போன வாரம். இன்று வியாழக்கிழமை. நாளைக்குத் தட்டு வந்து நிற்கும். வாங்குவதா, திருப்பி அனுப்புவதா என்று சுலோசனா இன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும். மூன்று ரிங் விடுகிறவன் எவன் என்று தெரிந்துவிட்டால் முடிவு தன்னால் வந்துவிடும்.

போன் எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று புது வாசகர்கள் கேட்பார்கள். கன்னியப்பன் உப்பளத்தில் மேஸ்திரி. லாரி எந்த நேரத்தில் வந்தாலும் ஆள் சேர்க்க வேண்டும் என்பதால் முதலாளி அவன் வீட்டுக்கு ஒரு போன் இழுத்துக் கொடுத்தார். போன வருஷம் அவன் கையில் ஒரு செல்போனையும் திணித்தார். அதில் பேசினால் காசு போகும். மணி அடித்து, எதிராளி எடுப்பதற்குள் வைத்துவிட்டால் போகாது. இதை மரக்காணத்தில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. செல்போன் வந்த மறுவாரமே உப்பளத்துக்குப் போகிற வீடுகளில் எல்லாம் ரிங் கணக்கு வந்துவிட்டது.

கன்னியப்பன் வீட்டுக் கணக்கு சுலபமானது. ஒரு ரிங் வந்தால் சோறு கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு ரிங் வந்தால் லாரி வந்துவிட்டது, சுமை ஏற்றுகிற பெண்களைக் கூப்பிட வேண்டும். ரிசீவரை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை சுலோசனா பழக்கதோஷத்தில் எடுத்து 'அலோ' என்று சொல்லிவிட்டதற்கு, கன்னியப்பன் அன்று ராத்திரி குழம்பு ஊற்றும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

மூன்று ரிங் என்று ஒன்று அந்தக் கணக்கில் கிடையாது. அடிக்கிறது யார் என்று நம்பர் காட்டுகிற போனும் இல்லை அது.

நேற்று சுலோசனா குழாயடிக்குப் போகிற மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து நின்றாள். பொழுது சாய்கிற நேரத்தில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. ரேணுகா தாவணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"யாருடி போன்ல?"

ரேணுகா ஒரு கணம் திடுக்கிட்டாள். "ராங் நம்பர்மா."

"தெனமுமா?"

"தெனமும் அதே ஆளு தப்பா போடுறாங்க போல. எனக்குக் கம்ப்யூட்டர் கிளாசுக்கு டைம் ஆவுது."

போய்விட்டாள். காலையிலும் கம்ப்யூட்டர் கிளாஸ், சாயங்காலமும் கம்ப்யூட்டர் கிளாஸ். அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பெட்டிக்குள் என்று சுலோசனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் ரேணுகாவின் பிளஸ் டூ ரிசல்ட் அந்தப் பெட்டியில்தான் முதலில் வந்தது. மகள் துள்ளிக்கொண்டு ஓடிவந்து சொன்னபோதுகூட, மறுநாள் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சுலோசனா சர்க்கரை வாங்கி வந்தாள். படம் காட்டுகிற பெட்டி எதையும் காட்டும் என்பது அவள் கட்சி.

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு ரிங் வந்தது. வழக்கமாக, உப்பளத்தில் வேலை செய்கிற இருசப்பனின் பெண்டாட்டியிடம் சோற்றுத் தூக்கைக் கொடுத்து அனுப்புகிறவள், இன்று தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வைகாசி வெயிலில் உப்பளம் கண்ணைப் பறித்தது. பாத்திகளுக்கு நடுவில் கீற்றுக் கொட்டகையில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, "நீ எதுக்கு இந்த வெயில்ல?" என்றான்.

"ஏன், நான் வரக்கூடாதா?"

சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். உப்பு வாரப் போகிறவர்கள் எல்லாம் விடியுமுன்னே கும்பலாக வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளாகக் கன்னியப்பன் மட்டும் நன்றாக விடிந்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறான்.

"இருசப்பன் கேக்குறான். மேஸ்திரி ஏன் இப்பல்லாம் எங்ககூட வர்றதில்லன்னு."

"முட்டி வலிக்குது."

"சாயங்காலம் மட்டும் எல்லாரும் போன பின்னாடி ஒத்தையில நிக்கறப்போ வலிக்கலியா?"

"கரண்ட்ட அப்பத்தான வுடுறான். மோட்டாரு போட்டாத்தான் பாத்திக்குத் தண்ணி ஏறும். நான் நிக்காம யாரு நிப்பாங்க?"

அதுவும் நியாயம்தான். சுலோசனா வெஞ்சனத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி கேட்டாள். "ஏங்க, மூணு ரிங்கு வுட்டு யாருனா நம்ம வூட்டுக்கு அடிப்பாங்களா?"

கன்னியப்பனின் கை தட்டிலேயே நின்றது.

"எனக்கென்ன தெரியும். ராங் நம்பரா இருக்கும்."

மகள் சொன்ன அதே வார்த்தை. அச்சுப் பிசகாமல் அப்படியே.  மகள் பொய் சொல்கிறாள் என்றுதான் சுலோசனா இதுவரை நினைத்திருந்தாள். பொய்யை இரண்டு பேராக உட்கார்ந்து பேசி வைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. அப்பனும் உடந்தை. மகளுக்கு ஒருவனைத் தெரியும், அது அப்பனுக்கும் தெரியும், தெரியாதவள் இந்த வீட்டில் தான் ஒருத்திதான்.

"நாளைக்கு உங்க அண்ணன் வர்றப்போ அவசரப்பட்டு வெத்தல பாக்கு மாத்திடாத சுலோசனா" என்றான் அவன், கை கழுவிக்கொண்டே. "அது படிக்கட்டும்."

"படிக்கட்டும், படிக்கட்டும்" என்று தூக்கை மூடினாள். மூடி டங்கென்று உட்கார்ந்தது.

வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள்.

கம்ப்யூட்டர் செண்டர் மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் அரைபடுகிற நெடியில் தும்மிக்கொண்டேதான் எவரும் மேலே ஏற முடியும். நடத்துகிறவள் நஸ்ரியா, கீழே மில் வைத்திருக்கிற பக்கீர் முஹம்மதின் மருமகள். புருஷன் முஜீப் ரஹ்மான் துபாயில் இருக்கிறான். அவன் வாங்கிப் போட்ட மெஷின்களை வைத்து, முக்காடு விலகாமல், யாரையும் அதட்டாமல், ஊர்ப் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சுலோசனா உட்காரவில்லை. "ரேணு சாயங்காலம் எத்தினி மணிக்கு வருது, எத்தினி மணிக்குப் போவுது? அத மட்டும் சொல்லு."

நஸ்ரியா விழித்தாள். "சாயங்காலமா? ரேணு காலைல மட்டும்தானக்கா வருது. சாயங்கால பேட்ச் வாணாம்னு அதுவே சொல்லி மாத்திக்கினு ஒரு மாசம் ஆவப் போவுது."

சுலோசனா இப்போது உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வாணாம். இங்க எந்தப் பையன்கூடனா பேசுதா?"

"அக்கா, இங்க ஒரு மெஷின்ல ஒருத்தர்தான் உக்காரலாம். பசங்க அந்தப் பக்கம், பொண்ணுங்க இந்தப் பக்கம். ரேணு வேலை உண்டு, தான் உண்டுன்னு இருக்கும்." சொல்லிவிட்டு நஸ்ரியா கொஞ்சம் தயங்கினாள். "கிளாஸ் முடிஞ்சு தனியா ஒரு மணி நேரம் நெட்ல உக்காருது. என்னா பாக்குதுன்னு நான் போயி எட்டிப் பாக்குறதில்ல. ஒரு நாள் மட்டும் கண்ணத் தொடச்சுக்கினு எழுந்து போச்சு. கேட்டேன், தூசின்னு சொல்லிட்டுது."

தூசி. ராங் நம்பர். சுலோசனாவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

"இந்த எழவையெல்லாம் ஊருக்குள்ள கொண்டாந்து வெச்சு..." என்று ஆரம்பித்தவள், நஸ்ரியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நஸ்ரியா கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது பொய்யில்லக்கா. கெடுக்கும். கண்டதையும் பாக்க வந்த பசங்க ரெண்டு பேர நானே வெளிய அனுப்பியிருக்கேன். அதே மெஷின்லதான் உங்க பொண்ணு காலேஜ் அப்ளிகேஷனும் எடுத்துது."

உள்ளறையிலிருந்து அவளுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை தத்தித் தத்தி வந்து, ஓரமாக அணைத்து வைத்திருந்த ஒரு மானிட்டரைத் தட்டி, "அத்தா" என்றது. நஸ்ரியா அதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழம தோறும் இதுலதான் அவரப் பாக்குறோம். இவ பொறந்ததுல இருந்து அவங்க அத்தாவோட மொகம் இதுக்குள்ளதான். நோன்புக்கு லீவுல வந்தாரு. கைய நீட்டிக் கூப்புட்டா போவ மாட்டேன்னு அழுவுறா. திரும்பி இந்த மானிட்டரப் போயி கட்டிப் புடிச்சுக்கினா. அவரு அன்னிக்கு பூரா சாப்புடல." சிரிக்க முயன்றாள், வரவில்லை. "ஆனா இதுவும் இல்லன்னா எனக்கு வாரத்துல அந்த அரை மணி நேரமும் இல்லக்கா. இத நல்லதுன்னு சொல்றதா, கெட்டதுன்னு சொல்றதா, எனக்கே தெரியல."

வேறு நாளாக இருந்தால் சுலோசனா அந்தக் குழந்தையை வாங்கிக் கொஞ்சியிருப்பாள். இன்று அவள் மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கிளாஸ் இல்லை. அப்படியானால் மூன்று ரிங் கேட்டதும் என் மகள் எங்கே ஓடுகிறாள்?

வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியதும், இது இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ரிங் வந்தால்தானே போகிறாள்? வராமல் செய்துவிட்டால்? காத்திருப்பாள், தவிப்பாள், முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். நாளைக்கு அண்ணனுக்கு பதில் சொல்ல வேண்டிய வேலையும் முடிந்துவிடும்.

போன் கூடத்து மூலையில் ஸ்டூல் மேல் இருந்தது. தூசி படாமல் இருக்க ரேணுகாவே பூப்போட்டுத் தைத்த துணி ஒன்று அதன் மேல் எப்போதும் மூடியிருக்கும். சுலோசனா துணிக்கு அடியில் கையை விட்டு, ரிசீவரைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். துணியை இழுத்துவிட்டாள். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு எதிரிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"குழாயடிக்குப் போவலியாம்மா?" ரேணுகா கேட்டாள்.

"இன்னிக்குத் தண்ணி போதும்."

வெயில் கூடத்தை விட்டு வாசலுக்குப் போனது. வாசலை விட்டுத் தெருவுக்குப் போனது. ரேணுகா தலையை வாரினாள். வாரிய தலையை மறுபடி வாரினாள். ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு போனையே பார்த்தாள்.

"கிளாசுக்குப் போவலியா?" சுலோசனா கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"போவணும்."

"போயேன். யாரு வேணான்னா?"

ரேணுகா புத்தகத்தை மூடினாள். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். உள்ளே வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். சுலோசனாவுக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி. தவி, நல்லாத் தவி என்று நினைத்துக்கொண்டாள். பெற்ற மகளைப் பார்த்து அப்படி நினைக்கிறோமே என்று ஒரு கணம் உறுத்தவும் செய்தது. உறுத்தலைக் கீரைக் காம்போடு சேர்த்து முறத்துக்கு வெளியே போட்டாள்.

தெரு விளக்கு எரிந்தது.

"இந்நேரம் கரண்ட்டு போயிருக்கணுமே" என்று ரேணுகா முணுமுணுத்தாள். விளக்கு எரிகிற வீட்டில் எந்தக் கரண்ட்டைப் பற்றி இவள் பேசுகிறாள் என்று சுலோசனாவுக்குப் புரியவில்லை. அதற்குள் ரேணுகா போன் பக்கம் வந்தாள். துணியைத் தூக்கினாள்.

ரிசீவர் கீழே கிடந்தது.

"எத்தினி நேரமா இப்டி கெடக்குது?"

"நாந்தான் எடுத்து வெச்சேன்." சுலோசனா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இதற்காகத்தானே இவ்வளவு நேரம் காத்திருந்தாள். "சொல்லு. எவன் அவன்?"

ரேணுகா அவளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. சுலோசனா எதிர்பார்த்ததும் பயம்தான். ஆனால் இது மாட்டிக்கொண்டவளின் பயமாக இல்லை. மகள் அலமாரியிலிருந்த டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். செருப்பைக்கூட மாட்டவில்லை.

"ஏய், நில்லுடி."

நிற்கவில்லை. சுலோசனா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பாப்பாத்தி வாசலில் நின்று பார்த்தாள். பார்க்கட்டும். இன்றோடு இந்தக் கூத்து முடிந்துவிடும் என்று நினைத்தபடி ஓடினாள். அவன் எவனாக இருந்தாலும் என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனாள்.

ரேணுகா பஸ் ரோட்டைத் தாண்டினாள். கடைத்தெருப் பக்கமும் திரும்பவில்லை, கோயில் பக்கமும் திரும்பவில்லை. உப்பளத்துக்குப் போகிற மண்பாதையில் இறங்கினாள். அங்கே விளக்கு கிடையாது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பாத்திகளுக்கு நடுவே வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம். இருபக்கமும் உப்புத் தண்ணீர். வயசுப் பெண்ணை இந்த நேரத்தில் இங்கே வரச் சொல்கிறவன் நல்லவனாக எப்படி இருப்பான் என்று சுலோசனாவுக்கு ரத்தம் கொதித்தது.

மகள் திடீரென்று குரல் கொடுத்தாள்.

"அப்பா."

நான் பிடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் அப்பனைக் கூப்பிடுகிறாள் பார் என்றுதான் சுலோசனா முதலில் நினைத்தாள்.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க?"

"இங்கம்மா" என்று பதில் வந்தது. கன்னியப்பனின் குரல்தான். ஆனால் மேஸ்திரியாக ஊரை அதட்டுகிற குரல் இல்லை. பாதை தவறியவன் குரல்.

ரேணுகா டார்ச்சை அடித்தாள். இரண்டு பாத்தி தள்ளி, வரப்பின் மேல் கன்னியப்பன் குந்தி உட்கார்ந்திருந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். முழங்காலில் ரத்தம். வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. அவன் முகத்தைத் திருப்பி, வெளிச்சம் வந்த பக்கத்தை விட்டு வேறெங்கோ பார்த்தான்.

சுலோசனா நின்ற இடத்திலேயே நின்றாள். காலையில் நன்றாக விடிந்த பிறகு கிளம்புகிறவன். எல்லோரும் போன பின்னால் ஒற்றையில் நிற்கிறவன். அவன் முட்டிக்கு ஒன்றும் இல்லை. யாரும் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒரு ரிங்கின் பின்னால் ஓடினோமே என்று இருந்தது.

"எத்தினி வாட்டி அடிச்சேன் தெரியுமா" என்றான் கன்னியப்பன். "எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னே வந்துது. சரி, தெரிஞ்ச வரப்புதான, மெல்ல நாமளே போயிடலாம்னு நாலு அடி வெச்சேன். வரப்பு எங்க முடியுதுன்னு தெரியல, வுழுந்துட்டேன். செல்போன் உள்ள போயிடுச்சு. தேடு, மொதலாளி கேட்டா பதில் சொல்லணும்."

ரேணுகா மறுபக்கமாகப் பாத்தியில் இறங்கினாள். இறங்கும்போது திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. சுலோசனா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மெதுவாக நடந்து புருஷனுக்கு முன்னால் போய் நின்றாள்.

காலடிச் சத்தம் கேட்டு அவன் மகள்தான் வந்துவிட்டாள் என்று நினைத்தான்.

"உங்கம்மா வானூருக்குப் பேசினு இருந்தாளா? அதான் எங்கேஜ்டா? நாளைக்கு அவ தட்ட வாங்கிடுவான்னு எனக்கு பயமா இருக்குது ரேணு." அவன் மூச்சு வாங்கினான். காயத்தில் உப்புத் தண்ணீர் எரிந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தான். "இந்தக் கண்ணு விசயம் மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது. மேஸ்திரி வேல போனாக்கூட எப்டியோ பொழச்சுக்கலாம். அவ பயந்துடுவா. பயந்தான்னா மொதல்ல உன் படிப்பத்தான் நிறுத்துவா. நீ காலேஜ்ல காலெடுத்து வெக்கிற வரைக்கும் போவட்டும், அப்புறம் நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்னு கையில அடிச்சு சொல்லு."

உள்ளங்கையை நீட்டினான்.

ரேணுகா அவனுக்குப் பின்னால் தண்ணீரில் அசையாமல் நின்றாள். நீட்டிய கை சுலோசனாவின் முன்னால் இருந்தது. உப்பில் வெடித்த கை. அவளிடமிருந்து மறைக்கத்தான் அந்தக் கை அவளிடமே சத்தியம் கேட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னைப் பற்றி அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவளை உலுக்கியது.

அவள் தன் கையை அவன் கையில் வைத்தாள்.

கன்னியப்பன் அந்தக் கையைப் பிடித்தான். பிடித்ததும் அவன் உடம்பு விறைத்தது. இருபது வருஷமாகத் தெரிந்த கைக்கு வெளிச்சம் தேவையில்லை.

"எவ்ளோ நேரமா நிக்கிற?" என்றான்.

"போன எடுத்து வெச்சது நாந்தாங்க." சுலோசனா அழுதாள். "வேற எவனோன்னு நெனச்சிட்டேன்."

அவன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கையை விடவில்லை.

ரேணுகா தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். செல்போன் கிடைத்திருந்தது. உயிர் இல்லை. "மோட்டாரு கரண்ட்டு போனதும் அப்பா மூணு ரிங்கு வுடுவாரு. ரோட்டு லைட்டு வரைக்கும் கூட்டாந்து வுட்டுட்டு நான் முன்னாடி வூட்டுக்கு வந்துடுவேன்மா" என்றாள் தலைகுனிந்தபடி. "லைட்டு வந்துட்டா அப்பாவே நடந்துடுவாரு."

சுலோசனா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்து முடித்தபோது அவள் பழைய சுலோசனாவாகத்தான் இருந்தாள்.

"அந்தப் பொட்டியில என்னாடி பாத்துட்டு அழுதுனு எழுந்து போன?"

ரேணுகா தயங்கினாள். "அப்பா கண்ணப் பத்திம்மா. பொழுது சாஞ்சா தெரியாது, பக்கவாட்டுல தெரியாது, இதெல்லாம் இங்கிலீஷ்ல அடிச்சுப் பாத்தேன். ஒரு வியாதி பேரு வந்துது. கொஞ்சம் கொஞ்சமா மொத்தமும் போயிடுமாம். வைத்தியமே இல்லன்னு போட்டுருந்துது."

"அது உங்கப்பன் கண்ணப் பாத்துதா?"

"எது?"

"அந்தப் பொட்டி."

"இல்ல."

"எந்த டாக்டருனா பாத்தாரா?"

ரேணுகா உதட்டைக் கடித்தாள். "வைத்தியம் இல்லாததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு... அப்பாதான் சொன்னாரு. எனக்கும் அத திரும்பக் கேக்க பயமா இருந்துது."

"நல்லா இருக்குதுடி. ஆளையே பாக்காம அது சொல்லுச்சாம், அப்பனும் பொண்ணும் நம்பிட்டீங்களாம். ஒரு மாசமா." சுலோசனாவின் குரல் ஏறியது. ஊரில் இருக்கிற அத்தனையையும் சந்தேகப்படுகிறவள் வீட்டில், திரையில் வந்த நாலு வரியைச் சந்தேகப்படத் தெரியாத இரண்டு பேர். "சத்து இல்லாம இருக்கும். சர்க்கரையா இருக்கும். பொரை வுழுந்துருக்கும். அது சொன்னதேகூட நெசமா இருக்கும். இருந்தா இருக்கட்டும், கண்ணு முன்னால வெளக்கு அடிச்சுப் பாத்துட்டு ஒரு டாக்டரு என்கிட்ட சொல்லட்டும். காலைல மொத பஸ்சுக்கு மூணு பேரும் பாண்டி போறோம். போறப்போ அந்த வியாதி பேர எழுதி எடுத்துக்கோ. டாக்டருகிட்ட நீதான் இங்கிலீஷ்ல கேக்கணும். படிச்சவ வேற யாரு இருக்குறாங்க நம்ம வூட்ல?"

கன்னியப்பன் எழுந்து நின்றான். ஒரு கையில் மகள், ஒரு கையில் பெண்டாட்டி. வரப்பில் மூன்று பேர் சேர்ந்து நடக்க முடியாது. ரேணுகா டார்ச்சோடு முன்னால் போனாள்.

சுலோசனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழம. உங்க அண்ணன் தட்டோட வர்றாரே சுலோசனா."

அண்ணன் கோபக்காரர். ஒருமுறை வாசலில் நிற்க வைத்தால் ஆயுசுக்கும் பேச மாட்டார். சுலோசனாவுக்குக் கூடப் பிறந்தவர் என்று அவர் ஒருவர்தான். அது கன்னியப்பனுக்கும் தெரியும், முன்னால் போகிற ரேணுகாவுக்கும் தெரியும். டார்ச் வெளிச்சம் நகராமல் நின்றது.

"வரட்டும்" என்றாள் சுலோசனா. "பூட்டுன வூட்டப் பாத்துட்டுப் போவட்டும். பாத்து நடங்க."